வருகைப் பதிவேடும் வராத பிள்ளையும்

அன்புள்ள ஐயா,

நான் பதினான்கு ஆண்டுகளாக ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். நன்றாகப் படித்துவந்த பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி, சில வாரங்களாக விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். காலையில் வயிற்றுவலி என்கிறாள். மருத்துவரோ ஒன்றுமில்லை என்கிறார். கண்டித்தால் வந்துவிடுவாள் என்று சக ஆசிரியர்கள் சிலரும், மனம் தேறும்வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். மாணவர் நலன் என்று பேசிப்பேசியே கல்வியைக் கோட்டைவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பாடம் நடத்த வந்த எங்களுக்கு மனநலம் பார்ப்பதும் வேலையா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் சக ஆசிரியர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்கள் ஒரே அணியாகத்தான் தெரிகிறார்கள். அந்தப் பெண் ஏன் வரவில்லை என்பதை இரு தரப்பாரும் இன்னும் கேட்கவில்லை.

மருத்துவர் ஒன்றுமில்லை என்றது உடலில் நோய் இல்லை என்ற பொருளில்தான். வலி இல்லை என்ற பொருளில் அன்று. அச்சமும் பதற்றமும் குடலின் இயக்கத்தையே மாற்றக்கூடியவை என்பதால், அவள் சொல்லும் வலி உண்மையாகவே இருக்கலாம். பள்ளி நாளில் வந்து விடுமுறையில் மறைகிற வலியை நடிப்பு என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் துப்பு அதுதான்.

பள்ளிக்குச் செல்ல மறுக்கும் பிள்ளைகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி, அந்த மறுப்பினால் பிள்ளைக்கு என்ன கிட்டுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். பள்ளியில் மனத்தைக் கலங்கவைக்கும் ஏதோ ஒன்றிலிருந்து விலகியிருக்க முடிகிறதா, பிறர் முன் பேசுவது, தேர்வு எழுதுவது போன்றவற்றிலிருந்து தப்ப முடிகிறதா, பெற்றோரின் அருகாமை கிடைக்கிறதா, அல்லது வெளியே வேறு ஏதேனும் இன்பம் காத்திருக்கிறதா என்ற நான்கு கேள்விகள் அவருடையவை. இவற்றுள் கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது விடையானால் கண்டிப்புக்குச் சற்றே பயன் இருக்கலாம். முதலிரண்டில் ஒன்றானால், ஏற்கெனவே அஞ்சுகிறவளுக்கு அஞ்ச இன்னொரு காரணத்தைக் கொடுத்தவர்களாவோம். சக மாணவர்களின் கேலியோ மிரட்டலோ காரணமாக இருந்து, அதை நிறுத்தாமல் அவளை மட்டும் வரவழைத்தால், அதன் நடுவில் அவளை நாமே கொண்டுபோய் விடுகிறோம்.

வீட்டிலேயே இருக்கட்டும் என்பது இரக்கத்தில் பிறந்த யோசனைதான், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. அஞ்சிய இடத்துக்குப் போகாமல் தங்கிவிட்ட காலையில் மனம் உடனே லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதியே மறுநாளும் தங்கிவிடத் தூண்டுகிறது. இதற்கிடையில் பாடங்கள் சேர்ந்துவிடுகின்றன, தோழிகள் வேறு குழுவில் அமர்ந்துவிடுகிறார்கள், ‘எங்கே போயிருந்தாய்?’ என்ற கேள்விக்குச் சொல்ல வேண்டிய விடை நாளுக்கு நாள் கடினமாகிறது. தொடங்கிவைத்த காரணம் நீங்கிய பின்னும், வராமல் இருந்ததே வராமைக்குக் காரணமாக நின்றுவிடுகிறது. பள்ளி நாள்களில் பத்து விழுக்காட்டைத் தவறவிடுவதையே நாட்பட்ட வருகையின்மை என்று பல கல்வித் துறைகள் கணக்கிடுகின்றன. அதில் விடுப்புக் கடிதம் தந்த நாள்களும் சேரும். மாதத்தில் இரண்டு நாள் என்றால் நமக்கு அது கண்ணில்கூடப் படுவதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதை ஊக்குவிக்க வேண்டும் என்பதும், பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக அமைய வேண்டும் என்பதும் 28ஆம் பிரிவு ஒன்றிலேயே இருக்கின்றன. பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்தாறு பேர். அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது உங்கள் வேலையன்று. உணவும் உறக்கமும் குலைந்தாலோ, தன்னை வருத்திக்கொள்ளும் பேச்சு வந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் பெற்றோருடன் பேசி மனநல மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு முன்னால், பள்ளியின் கையிலேயே இருக்கிற காரியங்கள் பல உண்டு. அவை பாடம் நடத்துவதன் பகுதிதான் என்பது என் கருத்து.

முழு நாளும் முடியாதென்றால் அவளுக்குப் பிடித்த ஓரிரு பாடவேளைகளுக்கு வரச்சொல்லி, வாரந்தோறும் நேரத்தைக் கூட்டலாம். வாசலில் அவளை எதிர்பார்த்து ஒருவர் நிற்கட்டும். நீங்களாகவே இருந்தால் நல்லது. விடுபட்ட குறிப்புகளையெல்லாம் பார்த்தெழுதி வரச்சொல்லும் வழக்கம் எதற்கு என்று எனக்கு இதுவரை விளங்கியதில்லை. அடுத்த பாடம் புரிவதற்கு இன்றியமையாத இரண்டு மூன்றை நீங்களே தேர்ந்து, உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

அதற்கும் முன்பாக, பதிவேட்டை எடுத்து அவள் வராத நாள்களைக் கால அட்டவணையோடு பொருத்திப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு பாடம், ஒரு தேர்வு, ஒரு விளையாட்டு வேளை அங்கே திரும்பத் திரும்ப வருமானால், அவளிடம் தனியாகப் பேசும்போது எங்கிருந்து தொடங்குவது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.