ஒன்பதாவதிலேயே நீட் கோச்சிங்கா? நோட்டீஸில் இருந்த அந்த ஆங்கில வரி

வணக்கம்மா. தம்பி ஒன்பதாவது படிக்கிறான், வீட்டுக்கு வந்த கோச்சிங் சென்டர் நோட்டீஸில் ‘ஸ்டீல் எ மார்ச் ஆன் யுவர் காம்படிட்டர்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், இப்போதே சேர்த்தால்தான் மெடிக்கல் சீட் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அர்த்தம். ‘ஸ்டீல்’ என்றால் திருடுவது. ‘மார்ச்’ என்பது பப்ளிக் எக்ஸாம் வரும் மார்ச் மாதம் இல்லை (தம்பி அப்படித்தான் நினைத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அவனைத் திட்டாதீர்கள்). படைகள் அணிவகுத்து நடக்கும் நடை. ஒரு படை ஒரே மூச்சில் நடந்து கடக்கும் தூரத்துக்கும் அதே பெயர்தான். எதிரிக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டால், விடிந்து பார்க்கும்போது அவன் பின்தங்கியிருப்பான். போட்டியில் நிற்பவர் அசந்த நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் முந்திக்கொள்வதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்கள்.

நிஜமாகவே ஒரு தளபதி இதைச் செய்திருக்கிறார். 1711, வட பிரான்ஸ், ஸ்பானிய வாரிசுரிமைப் போர். பிரெஞ்சுத் தளபதி வில்லார் ஆறுகள், சதுப்புகள், மண் அரண்கள் எல்லாவற்றையும் கோத்து ஒரு நீண்ட காவல் வரிசை அமைத்து, இதை எவனும் தாண்ட முடியாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ. அவர் அராஸ் ஊர்ப் பக்கம் தாக்கப்போவதுபோல ஊரறிய நேரில் போய் இடம் பார்த்தார், வில்லாரும் அதை நம்பிப் படையை அங்கேயே குவித்தார். ஆகஸ்ட் 4, இருட்டியதும் மார்ல்பரோவின் படை சத்தம் போடாமல் கிழக்கே திரும்பி நடக்க ஆரம்பித்தது. சுமார் 60 கிலோமீட்டர், 18 மணி நேரம். வில்லாருக்கு விஷயம் தெரிந்து அவர் துரத்தி வருவதற்குள், அர்லூ என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்தத் தாண்ட முடியாத வரிசையைச் சண்டையே இல்லாமல் தாண்டிவிட்டார்கள். ஆனால் நடந்து வந்த காலாட்படையில் வழியிலேயே சுருண்டு விழுந்தவர்களும் ஏராளம். நோட்டீஸ்காரர்கள் இதை எழுத மாட்டார்கள்.

இந்தத் தந்திரம் பலித்ததே வில்லாருக்குத் தெரியாமல் நடந்ததால்தான். உங்கள் நோட்டீஸ் தெருவில் எல்லா வீட்டுக் கதவிலும் செருகியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே ராத்திரியில் கிளம்பினால் யார் யாரை முந்துவது? பீஸ் வாங்குகிறவர்தான் முந்துவார்.

அதே மார்ல்பரோ 1704-இல் ரைன் ஆற்றுப் பக்கமிருந்து டான்யூப் ஆறு வரை, சுமார் 400 கிலோமீட்டரை, 5 வாரத்தில் நடத்திக்கொண்டு போனார். விடியும் முன்பே கிளம்புவார்கள், காலை 9 மணி வாக்கில் கூடாரம் அடித்து ஓய்வு. வழியில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு, தேய்ந்துபோன ஷூவுக்குப் பதில் புது ஷூ கூடத் தயாராக இருந்தது. போய்ச் சேர்ந்த படை தெம்பாக இருந்தது, ஆகஸ்ட்டில் பிளென்ஹைம் போரில் ஜெயித்தது. தம்பிக்கு இந்த நடை போதும் என்பது என் கட்சி.

ஏனென்றால் நீட் பாடத்திட்டமே 11, 12ஆம் வகுப்புப் பாடம்தான். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். ஒன்பதாவதில் அவனுக்கு வேண்டியது அல்ஜீப்ரா தடுமாறாமல் வருவது, அறிவியல் பாடத்தைக் கைடு இல்லாமல் தானே வாசித்துப் புரிந்துகொள்வது, ராத்திரி நன்றாகத் தூங்குவது. இதில் கணக்கு ஆட்டம் கண்டால் பதினொன்றில் இயற்பியல் நிச்சயம் படுத்தும், அதை எந்த ஃபவுண்டேஷன் கோர்ஸும் சரிக்கட்டாது.

இன்னொன்று தெரியுமா, மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலிலேயே 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கோச்சிங்கில் சேர்க்கக் கூடாது, பத்தாவது பரீட்சை முடிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் லீவு என்றெல்லாம் இருக்கிறது. ஆறாவதிலிருந்தே பேட்ச் நடத்துகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

அப்புறம், நீங்கள் எழுதியதில் சீட், கட் ஆஃப், பக்கத்து வீட்டுப் பையன் எல்லாம் இருக்கிறது. தம்பிக்கு டாக்டர் ஆக விருப்பமா என்று ஒரு வரி இல்லை. மார்ல்பரோ எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் நடந்தார். பையனுக்கு இன்னும் தெரியாது என்றால் அதுவும் தப்பில்லை. பத்தாவதுக்குப் பிறகு பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தால் நீட்டும் எழுதலாம், கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்து தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கும் போகலாம். முடிவெடுக்க இன்னும் காலம் இருக்கிறது.

பதினொன்றில் சேர்ப்பதானாலும் ஒரே தவணையில் மொத்தப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது, அதை எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். அடுத்த முறை வரும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் கொஞ்ச நேரம் வெளியில் உட்கார வேண்டியிருக்கும்.