கஷ்டமான வேலை என்றாலே தள்ளிப்போடுகிறேன். இதை எப்படி மாற்றுவது?

முதலில், சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். தள்ளிப்போடும் நேரத்தில் பலரும் சும்மா இருப்பதில்லை. அலமாரியை அடுக்குவார்கள், பழைய மின்னஞ்சல்களை அழிப்பார்கள். வேலையைவிட, அது கிளப்பும் பயமும் சலிப்பும் குழப்பமும்தான் நம்மை விரட்டுகின்றன. தள்ளிவைத்ததும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், வினையே அங்குதான். அந்த நிம்மதி பரிசு மாதிரி ஆகி, அடுத்த முறையும் தள்ளிப்போடப் பழக்கிவிடுகிறது.

பெரும்பாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாததுதான் கஷ்டம். 'ஆய்வறிக்கை எழுத வேண்டும்' என்று குறித்து வைத்தால் கை ஓடாது. 'குளித்துவிட்டு வந்ததும் கோப்பைத் திறந்து, இரண்டாம் அத்தியாயத்தின் முதல் அட்டவணைக்குக் கீழே மூன்று வரி எழுதுவேன்' என்று குறித்துப் பாருங்கள். இப்படி 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று திட்டமிடுவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். வெறும் தீர்மானத்தைவிட இது கைகொடுக்கிறது என்று பின்னால் வந்த பல ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த மூன்று வரி மோசமாக வரலாம். வரட்டுமே, திருத்துவதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

எவ்வளவு சிறிதாக உடைத்தும் நகரவில்லையா? ஏதோ ஒரு தகவலோ பயிற்சியோ குறைவாக இருக்கலாம். அப்போது தெரிந்தவரிடம் கேட்பதுதான் முதல் படி.

அப்புறம், 'விடிந்ததும் கஷ்டமானதை முடித்துவிடு' என்ற அறிவுரையில் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. உங்கள் மூளை எப்போது சுறுசுறுப்பாக இருக்கிறதோ, அந்த நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். சிலருக்கு அது இரவு பத்து மணி.