நடுத்தர விலை ரிசீவர்: வாட்டைப் பார்ப்பதா, ஒலியைக் கேட்பதா?

கேள்வி: என்னிடம் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன. இவற்றுக்கு ஒலியைப் பெருக்கிப் பிரித்து அனுப்பும் பழைய ரிசீவர் பழுதாகிவிட்டதால் நடுத்தர விலையில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். கடையில் காட்டிய இரண்டில் ஒன்றின் பெட்டியில் சேனலுக்கு (அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு) 80 வாட் என்றும் மற்றதில் 150 வாட் என்றும் அச்சிட்டிருக்கிறது. விலை ஏறத்தாழ ஒன்றுதான். 150 வாட் உள்ளதை எடுப்பதுதானே லாபம்?

பதில்: பெட்டியின் முன்பக்கத்து எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்த எண் எந்த நிபந்தனையில் அளக்கப்பட்டது என்பது கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிட முடியும். ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீத ஒலிச்சிதைவு, இரண்டு சேனல்கள் இயங்கும்போது’ என்று குறிப்பிட்டு 80 வாட் எழுதியிருந்தால் அது நம்பத் தகுந்த கணக்கு. (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை; அது குறைந்தால் ரிசீவருக்குச் சுமை கூடும்.) ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத ஒலிச்சிதைவு, ஒரே ஒரு சேனல்’ என்று குறிப்பிட்டு 150 வாட் எழுதியிருந்தால், ஒற்றைத் தொனி ஒன்றைக் கரகரப்பு நன்றாகத் தெரியும் அளவுக்கு ஏற்றி எடுத்த எண் அது. ஒரே இயந்திரத்துக்கே இந்த இரண்டு விதமாகவும் எழுதிவிட முடியும். இந்தக் குழப்பம் பழையது. அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரின் திறனை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1974-லேயே விதி வகுத்தது.

இரண்டு எண்களும் ஒரே நிபந்தனையில் அளக்கப்பட்டவை என்றே வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும்; 80-க்கும் 150-க்கும் இடையே அந்த அளவுகூட இல்லை. ஒலி இரு மடங்கு உரத்துக் கேட்பதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் கேட்கும் ஒலியின் அளவு, 88 டெசிபெல் என்று கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஏறக்குறைய 80 டெசிபெல் கிடைக்கும். சராசரியாக 70 டெசிபெல்லில் படம் பார்ப்பவருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கே பெரும்பாலான நேரம் செலவாகிறது. திடீரென்று வெடிக்கும் காட்சியில் ஒலி 20 டெசிபெல் எகிறினாலும் பத்து வாட் போதும். அதேசமயம், 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கு அதே உரப்பை எட்ட இரண்டரை மடங்கு வாட் வேண்டும். ஆகவே ரிசீவரின் வாட்டைவிட உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறனை முதலில் பாருங்கள். அது அதன் பின்புறத்து ஒட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் மட்டும், அந்தச் சுமையை ரிசீவர் தாங்கும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் இரண்டு ரிசீவர்களையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்று மிகத் தெளிவாகவும் மற்றது மந்தமாகவும் இருந்தது. தெளிவானதை வாங்கி வந்தால், வீட்டில் சப்வூஃபர் ஒரே இரைச்சலாக உறுமுகிறது, குரல்கள் மூழ்கிப்போகின்றன. ஒலித் தரத்தை எப்படித்தான் மதிப்பிடுவது?

பதில்: முதலில் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கருவிகளில் ஒன்று அரை டெசிபெல் அளவுக்கு உரத்து ஒலித்தாலும், அது உரத்திருக்கிறது என்று நம் காது சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது’ என்றே சொல்லும். ரிமோட்டில் இரண்டிலும் ஒரே எண்ணை வைத்தால் ஒரே உரப்பு வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. ரிசீவருக்குள்ளேயே இருக்கும் சோதனை இரைச்சலை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் ஒலி அளவுமானி வைத்துச் சமன் செய்த பிறகு கேட்டால், நல்ல நிலையில் இயங்கும் இரண்டு நடுத்தர விலை ரிசீவர்களுக்கு இடையே ஆம்ப்ளிஃபயரால் வரும் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். நீண்ட நாள் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ‘இந்த நிறுவனத்தின் ஒலி வெதுவெதுப்பானது, அந்த நிறுவனத்தின் ஒலி கூர்மையானது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே அமைத்துவைக்கப்பட்ட செட்டிங்குகளின் விளைவு.

வீட்டில் உறுமுவது உங்கள் அறை. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 34 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியலை மோதித் திரும்பி நிலைகொள்கிறது. அதன் மடங்குகளிலும், அகலத்துக்கும் உயரத்துக்கும் உரிய அலைவெண்களிலும் இதேதான் நடக்கும். அந்த அலைவெண்களில், அறையின் சில இடங்களில் ஒலி பொங்கும். வேறு சில இடங்களில் அடியோடு அமுங்கும். சோபாவின் ஒரு முனையில் இடியாகக் கேட்பது மறுமுனையில் காணாமல்போவதும் இதனால்தான். எந்த விலை ஆம்ப்ளிஃபயரும் இதை மாற்றாது. இதைக் கையாள்வது, மைக் வைத்து அறையின் ஒலியை அளந்து திருத்தும், ரிசீவருக்குள் இருக்கும் அறைத்திருத்த மென்பொருள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இருக்கும் ஆடிஸி, யமஹாவின் ஒய்பாவோ, பல நிறுவனங்களின் கருவிகளில் கிடைக்கும் டிராக் லைவ் எல்லாம் இந்த வேலைக்கானவை. ஆடிஸியிலேயே பல தரங்கள் உண்டு. மல்ட்ஈக்யூ என்ற அடிப்படை வகைக்கும் எக்ஸ்டி32 என்ற மேல்வகைக்கும் இடையே கீழ்ஸ்தாயியைத் திருத்தும் நுட்பத்தில் பெரிய இடைவெளி இருக்கிறது. மலிவான ரிசீவரைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு, என் மதிப்பில், வேறெதையும்விட இந்த இடைவெளிதான் காதில் விழும் பலனைத் தருகிறது. ஆகவே மாடல்களை ஒப்பிடும்போது வாட்டுக்குப் பதிலாக இந்தப் பெயரையும் அதன் தரத்தையும் தேடுங்கள்.

ஆனால் மென்பொருள் இருந்தால் மட்டும் போதாது. அளவெடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். ரிசீவருடன் வரும் அளவெடுக்கும் மைக்கைக் காது உயரத்தில், முக்காலி ஒன்றின் மேல் நிறுத்துங்கள். ஒருமுறை நானே அதைச் சோபாவின் சாய்வுப் பகுதிமேல் வைத்து அளந்துவிட்டேன்; பஞ்சு மெத்தையிலிருந்து எதிரொலித்த ஒலியையும் சேர்த்துக் கணக்கிட்டு, உச்ச ஸ்தாயியை அது தாறுமாறாகத் திருத்தியது. மறுபடி முக்காலியில் வைத்து அளந்த பிறகே குரல்கள் இயல்புக்குத் திரும்பின. அறையில் ஓடும் மின்விசிறி, குளிரூட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உட்காரும் இடத்தைச் சுற்றி ஆறு அல்லது எட்டுப் புள்ளிகளில் பொறுமையாக அளவெடுங்கள்.

அளந்து முடிந்ததும் ரிசீவர் எழுதிவைத்திருப்பதைச் சரிபார்க்க வேண்டும். பல ரிசீவர்கள் முன்பக்க ஸ்பீக்கர்களைப் ‘பெரியவை’ என்று பதிந்துகொண்டு, அடித்தொனி முழுவதையும் அவற்றுக்கே அனுப்பிவிடும். அதைச் ‘சிறியவை’ என்று மாற்றி, பிரிப்பு அலைவெண்ணை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழுள்ள சுமையைச் சப்வூஃபர் ஏற்கும், ரிசீவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஸ்பீக்கர்களின் தூரம் டேப் வைத்து அளந்ததற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். சப்வூஃபரின் தூரம் மட்டும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் அதை மாற்றாதீர்கள். சப்வூஃபருக்குள் நிகழும் தாமதத்தையும் சேர்த்தே அந்த எண் கணக்கிடப்படுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஓரிடத்தில் அடித்தொனி காணாமல்போனால், மென்பொருளால் அதை நிரப்ப முடியாது. ஒலியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் புள்ளியில் எவ்வளவு திறனைக் கொட்டினாலும் அதுவும் அழிந்தே போகும். சப்வூஃபரைத்தான் நகர்த்த வேண்டும். அதைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, அடித்தொனி மிகுந்த பாடலை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து சென்று கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு தட்டும் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு மீண்டும் அளவெடுங்கள்.

கேள்வி: டிவியிலுள்ள செயலிகளில்தான் படம் பார்க்கிறேன். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பி வழியே ரிசீவருக்கு அனுப்பும் ஆர்க் இணைப்பு உண்டு, அதன் புதிய வகையான ஈ-ஆர்க் வசதி இல்லாத டிவி. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் கிடைக்காதா?

பதில்: உங்கள் டிவி அனுமதித்தால் கிடைக்கும். இணையவழித் திரைப்படச் சேவைகள் அட்மாஸ் ஒலியை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் அனுப்புகின்றன. அதைச் சுமக்கப் பழைய ஆர்க் இணைப்பே போதும். டிவியின் ஒலி வெளியீட்டைப் ‘பாஸ்த்ரூ’ (வந்த ஒலியை மாற்றாமல் அனுப்புவது) அல்லது ‘ஆட்டோ’ என்று வைத்துப் பாருங்கள். புளூ-ரே வட்டில் உள்ள, இழப்பில்லாத ட்ரூஎச்டி ஒலியை டிவி வழியாக அனுப்பத்தான் ஈ-ஆர்க் வேண்டும். வட்டுக் கருவியை நேரடியாக ரிசீவரில் செருகிவிட்டால் அந்தத் தேவையும் இல்லை.

கேள்வி: வசனம் கேட்க ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. ரிசீவரை மாற்றினால் சரியாகுமா?

பதில்: மாற்ற வேண்டாம். வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அது அலமாரித் தட்டின் உட்பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் விளிம்புவரை முன்னே இழுங்கள். டிவிக்குக் கீழே இருந்தால் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்துங்கள். பிறகு நடு சேனலின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்துங்கள். இரவில் பார்ப்பவராயின், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இரவுநேர வசதி மெனுவில் இருக்கும், அதை முடுக்கிவிடுங்கள்.

கேள்வி: புது மாடல் வந்துவிட்டதால் சென்ற ஆண்டின் மாடலைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். காட்சிக்கு வைத்திருந்த கருவி. வாங்கலாமா?

பதில்: தயங்காமல் பரிசீலிக்கலாம். டால்பி அட்மாஸ் வீடுகளுக்கு வந்தது 2014-இல். அதே போன்ற இன்னொரு ஒலி வடிவமான டிடிஎஸ் எக்ஸ் வந்தது அடுத்த ஆண்டு. ஒலி வடிவங்களைப் பொறுத்தவரை ஓராண்டு இடைவெளியில் நீங்கள் இழப்பது அநேகமாக ஒன்றுமில்லை. கணினி விளையாட்டுகளில் ஈடுபாடு உண்டென்றால் மட்டும், விநாடிக்கு 120 பிம்பங்கள் கொண்ட 4கே காட்சியைக் கடத்தும் எச்டிஎம்ஐ துளைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் எண்ணமிருந்தால் பின்புறத்தில் அதை இணைப்பதற்கான பிரீ-அவுட் துளைகளின் வரிசை இருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த விலைப் பிரிவில் சில மாடல்களில் அது சப்வூஃபருக்கு மட்டுமே இருக்கும். ஒவ்வொரு சேனலிலும் ஸ்பீக்கரைப் பொருத்தி ஒலிக்கவைத்துப் பார்த்துவிட்டு, உத்தரவாதக் காலம் உங்களுக்கு விற்ற நாளிலிருந்து தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். பெட்டிக்குள் அளவெடுக்கும் மைக் இருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். காட்சிக்கு வைத்த கருவிகளில் முதலில் தொலைந்துபோவது அதுதான். திருத்த மென்பொருள் அந்த மைக்கின் இயல்பைக் கணக்கில் கொண்டு எழுதப்பட்டிருப்பதால், வேறு நிறுவனத்தின் மைக்கை அந்த இடத்தில் செருகி ஒப்பேற்ற முடியாது.