சொந்த டொமைன்ல மெயில் ஐடி வேணும், ஆனா செலவு கம்மியா இருக்கணும், என்ன வழி?

முதல்ல ஒண்ணு, டொமைனை ஒரு இடத்துலயும் மெயிலை வேற இடத்துலயும் வாங்குங்க, அப்பதான் மெயில் சர்வீஸ் பிடிக்கலன்னா எம்எக்ஸ் ரெக்கார்டை, அதாவது உங்க டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற செட்டிங்கை மாத்திட்டு அதே ஐடியோட வேற இடத்துக்குப் போயிடலாம், பழைய மெயிலை ஐமேப் (சர்வர்ல இருக்கற மெயிலை ஆப் மூலமா படிக்கற முறை) வழியா காப்பி பண்ணிக்கலாம்.

மெயில் வந்தா மட்டும் போதும்னா கிளவுட்ஃப்ளேர் கம்பெனியோட இமெயில் ரௌட்டிங் இலவசம், உங்க ஜிமெயிலுக்கே ஃபார்வர்ட் பண்ணிடும், ஆனா அதுல தனி மெயில்பாக்ஸ் கிடையாது. ஏற்கெனவே ஆப்பிளோட ஐகிளவுட் பிளஸ்க்குக் காசு கட்டுறீங்கன்னா கஸ்டம் டொமைன் அதுலயே இருக்கு, தனியா எதுவும் வாங்க வேணாம். வீட்ல எல்லாருக்கும் ஐடி வேணும்னா ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்குற இடத்தை விட மிகாடு மாதிரி, மெயில் எவ்வளவு போகுது வருதுங்கறத வச்சு பிளான் குடுக்கற மெயில் சர்வீஸ் லாபமா இருக்கலாம்.

எதை எடுத்தாலும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மெயில் நிஜமாவே உங்க டொமைன்லேருந்துதான் வருதான்னு சரிபார்க்க உதவுற மூணு ரெக்கார்டையும் டிஎன்எஸ்ல (டொமைனோட செட்டிங்ஸ் இருக்கற இடம்) போட்டுடுங்க, இல்லன்னா அனுப்புறது ஸ்பாம்ல விழ வாய்ப்பு அதிகம். முக்கியமா, சர்வீஸ் மாறும்போது பழைய எஸ்பிஎஃப் இருக்க புதுசா இன்னொண்ணு சேர்க்காதீங்க, ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் தான், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது.

டொமைன் ஆட்டோ ரினியூவல் ஆன்ல இருக்கட்டும், அது காலாவதியாகி வேற யாராவது வாங்கிட்டா உங்க பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் எல்லாம் அவங்களுக்குத்தான் போகும்.