எடை குறைந்த கேம்பர் டிரெய்லரின் கட்டுமானத்தை மாற்றியிருக்கிறார்கள்: வாங்கலாமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: அமெரிக்காவில் 4,000 பவுண்டு எடைக்குள் ஒரு கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் தங்கும் வண்டி) வாங்கப் பார்க்கிறீர்கள். போன மாடலில் சுவருக்குள் ப்ளைவுட் இருந்தது, புது மாடலில் காம்போசிட் பலகை என்கிறார்கள். தரையையும் மாற்றியிருக்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தரம் போய்விட்டது என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பொருள் மாறியது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். ஒரு பலகை இன்னொன்றோடு சேரும் இடத்தையும், எடை ஸ்டிக்கரையும் பாருங்கள். இந்த ரக வண்டிகள் பலகையின் நடுவில் கெடுவது அபூர்வம். ஓரத்திலும், ஓட்டை போட்ட இடத்திலும், ஸ்க்ரூ இறங்கிய இடத்திலும்தான் கெடும்.

முதலில் நீங்கள் பார்க்கும் வண்டி எப்போது கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடல் வருடம் மாறும்போதுதான் கட்டுமானம் மாறும் என்றில்லை, வருடத்தின் நடுவிலும் மாற்றுவார்கள். 2021இல் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஆர்.வி.க்கள் (இந்த மாதிரித் தங்கும் வண்டிகள்) தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின; 2023இல் அது சுமார் 3,13,000 ஆகச் சரிந்தது. தேவை உச்சத்தில் இருந்து சரக்குத் தட்டுப்பாடும் சேர்ந்த அந்தக் காலத்தில், கிடைத்த பொருளை வைத்துக் கட்டியதும் உண்டு. அதனால் ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இரண்டு வண்டிகள் வேறு வேறாக இருக்கலாம். வி.ஐ.என். எனும் வண்டி அடையாள எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லும்: R என்றால் 2024, S என்றால் 2025, T என்றால் 2026. கட்டிய மாதம், வண்டியின் இடது பக்கச் சுவரில் முன்பாதியில் ஒட்டியிருக்கும் சான்று லேபிளில் இருக்கும். விளம்பரத் தாளில் உள்ள படத்தை நம்பாமல், அந்த மாதத்தில் கட்டிய வண்டிக்குள் என்ன போட்டார்கள் என்று டீலரிடம் கேளுங்கள்.

இப்போது சுவர். லேமினேட் சுவர் என்பது ஒரு அடுக்கு. வெளியே ஃபைபர்கிளாஸ் தோல், அதன் பின்னால் சுமார் 3 மில்லிமீட்டர் லுவான் ப்ளைவுட், நடுவில் அலுமினியச் சட்டமும் அதன் இடைவெளிகளில் தெர்மாகோல் பலகையும், உள்ளே மறுபடி லுவான். எல்லாவற்றையும் பசை தடவி அழுத்தி ஒட்டுகிறார்கள். சுவரின் விறைப்பு முழுக்க அந்தப் பசையில் நிற்கிறது. ஜன்னல் ஓரத்திலோ, மேலே இருக்கும் சிறு விளக்கின் ஸ்க்ரூ வழியாகவோ தண்ணீர் இறங்கினால் லுவான் அதை உறிஞ்சி ஊறும், பசை விடும், தோல் உப்பிக்கொண்டு வரும். அதைச் சரிசெய்வது பெரும்பாலும் சுவரையே மாற்றும் வேலை. விலையைக் கேட்டால் பழைய வண்டியை விற்றுவிடலாம் என்று தோன்றிவிடும்.

லுவானுக்குப் பதிலாக அஸ்டெல் என்ற காம்போசிட் பலகை போடுகிறார்கள் என்றால், அது கண்ணாடி இழையும் பாலிப்ரொப்பிலீனும் சேர்த்த பலகை. அது ஊறாது, மக்காது, எடையும் குறைவு. இந்த மாற்றம் நல்லதுதான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். ஒன்று, சுவரின் இரண்டு பக்கமும் அஸ்டெலா, வெளிப்பக்கம் மட்டுமா? வெளியே அஸ்டெல், உள்ளே லுவான் என்று கட்டுபவர்கள் இருக்கிறார்கள். முன்சுவர், பின்சுவர், கூரை, ஸ்லைடு (வெளியே நீட்டி இடத்தைக் கூட்டும் பகுதி) ஆகியவற்றில் லுவானையே வைத்துக்கொண்டு பக்கச் சுவரை மட்டும் மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு, அலமாரி, டி.வி. மாட்டும் இடங்களில் உள்ளே தாங்கு பலகை வைத்திருக்கிறார்களா? ப்ளைவுட்டைப் போல அஸ்டெல் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளாது. பலகையில் மட்டும் இறங்கிய ஸ்க்ரூ, சாலை அதிர்வில் சில மாதங்களில் ஆடத் தொடங்கும். அலுமினியக் குழாயிலோ தாங்கு பலகையிலோ இறங்க வேண்டும். சட்டம் எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாட்டும்போது உதவும். சுவரின் மொத்தக் கனமே ஒன்றரை, இரண்டு அங்குலம்தான், நீள ஸ்க்ரூ போட்டால் வெளியே வந்துவிடும்.

பலர் கவனிக்காதது ஒன்று இருக்கிறது. ஊறாத பலகை ஒழுகலைத் தடுக்காது, மறைக்கும். லுவான் சுவரில் ஒழுகினால் உப்பல் காட்டிக்கொடுக்கும். அஸ்டெல் சுவரில் தண்ணீர் ஓசையில்லாமல் கீழே இறங்கி, தரைப்பலகையின் ஓரத்தில் போய்த் தேங்கும். தரை மரமாக இருந்தால் அது அங்கே அழுகும். ஆகவே அஸ்டெல் வண்டியில் சுவரைவிடச் சுவரும் தரையும் சேரும் மூலையை அதிகம் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது இப்படி. மாலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சுவரின் நீளவாக்கில் அடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மேடு பள்ளம் அலையாகத் தெரியும். ஜன்னலின் கீழ் மூலைகள், கூரையோர விளக்குகளுக்குக் கீழே, மூலைப் பட்டைகளின் அருகே விரல் முட்டியால் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாகவும், விட்ட இடம் பொத்தென்றும் ஒலிக்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது தோல் உள்ளே போய் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஈரமானியை உடையலமாரிக்குள், பெஞ்சுக்கு அடியில், தரையோரத்தில் வையுங்கள். மரத்தில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி, 20ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். ஊசியில்லாத ஈரமானி அலுமினியக் குழாய்மேல் வைத்தால் பொய்யாக உயர்த்திக் காட்டும். அஸ்டெல்மேல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மரச்சட்டத்திலிருந்து அலுமினியத்துக்கு மாறியிருந்தால் இன்னொரு விளைவு உண்டு. மரத்தைவிட அலுமினியம் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். குளிர்காலத்தில் உள்சுவரில் குழாய் ஓடும் இடமெல்லாம் கோடு கோடாக வியர்க்கும். அது ஒழுகல் இல்லை. கூரை வென்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், மெத்தையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் மெத்தைக்கு அடியில் பூஞ்சை வரும்.

தரை மாற்றம்தான் எனக்குச் சுவரைவிடக் கவலை தருவது. முன்பு குறுக்குச் சட்டங்கள்மேல் 5/8 அங்குல ப்ளைவுட் போட்டு ஸ்க்ரூ அடிப்பார்கள். கனம் அதிகம், ஆனால் கெட்டால் அந்த இடத்தை வெட்டி மாற்றலாம். இப்போது பல வண்டிகளில் தெர்மாகோலை நடுவில் வைத்து மேலும் கீழும் மெல்லிய பலகை ஒட்டிய தரை. பரவலான பாரத்தைத் தாங்கும். ஒரே இடத்தில் குதிகால் மறுபடி மறுபடி ஊன்றினால் உள்ளே நசுங்கும். கதவைத் திறந்ததும் கால் வைக்கும் இடம், சமையல் மேடையின் முன்பக்கம், குளியலறை வாசல் ஆகிய மூன்றிலும் குதிகாலை ஊன்றித் திருப்பிப் பாருங்கள். புது வண்டியிலேயே மெத்தென்று இருந்தால் வாங்க வேண்டாம். பிறகு கீழே குனிந்து குறுக்குச் சட்டங்களின் இடைவெளியை டேப்பால் அளந்து, பழைய மாடலோடு ஒப்பிடுங்கள். தரையையும் இலேசாக்கி, சட்டத்தையும் தள்ளித் தள்ளி வைத்திருந்தால் அந்த மாற்றத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஃப்ரேமில் பார்க்க வேண்டியது வெல்டிங். ஸ்பிரிங் தொங்கும் இடம், முன்னால் கப்ளர் (இழுக்கும் வண்டியோடு கோக்கும் கொக்கி) சேரும் இடம், குழாய்க்காகச் சட்டத்தில் வெட்டிய ஓட்டைகள் ஆகியவற்றில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருந்தால் அடியில் விரிசல் இருக்கலாம். கதவின் மேல் மூலையில் ஃபைபர்கிளாஸ் கீறியிருந்தாலும், கதவு உரசி மூடினாலும் ஃப்ரேம் நெளிகிறதோ என்று சந்தேகப்படுங்கள். மெல்லிய ஃப்ரேம் வண்டியில் மூலை ஜாக்குகளை வைத்து வண்டியைத் தூக்கக் கூடாது, அவை ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. சமப்படுத்துவதைச் சக்கரத்தின் அடியில் கட்டை வைத்துச் செய்யுங்கள். டயர் மாற்றும்போதும் ஜாக்கை ஆக்சிலில் கொடுக்காமல், ஆக்சிலை ஒட்டிய ஃப்ரேமில் கொடுங்கள்.

எடைக்கு வருவோம். கட்டுமான மாற்றம் வண்டியின் எடையைக் கூட்டியதா குறைத்ததா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கதவருகே இருக்கும் சரக்கு எடை லேபிள் அந்த வண்டிக்கே உரிய எண்ணைச் சொல்லும். பழைய மாடலின் லேபிளைப் படமெடுத்து ஒப்பிடுங்கள். உதாரணமாக மொத்த அனுமதி எடை (வண்டியும் சுமையும் சேர்ந்து) 3,800 பவுண்டு, சரக்குக்கு 700 என்று வைத்துக்கொள்வோம். 30 கேலன் தண்ணீரே 249 பவுண்டு. டீலர் போடும் பேட்டரி சுமார் 50. மிச்சம் 400தான், பாத்திரம், துணி, நாற்காலி, சைக்கிள் எல்லாம் அதற்குள் வர வேண்டும். விற்பனைக்கு முன் கூடுதலாகச் சேர்த்த பொருள், மொத்த அனுமதி எடையில் 1.5 சதவீதம் அல்லது 100 பவுண்டு, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் லேபிளில் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. 3,800க்கு அது 57 பவுண்டு. சோலார் பலகையும் இரண்டாவது பேட்டரியும் போட்டாலே அதை நெருங்கிவிடும்.

டயரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 3,500 பவுண்டு ஒற்றை ஆக்சிலில் எஸ்.டி. (டிரெய்லருக்கான டயர்) 205/75 ஆர்15, சி ரகம் என்றால் ஒரு டயர் 1,820 பவுண்டு தாங்கும், இரண்டும் சேர்ந்து 3,640. கையிருப்பு வெறும் 140. டி ரகம் போட்டால் ஒன்றுக்கு 2,150 கிடைக்கும், 65 பி.எஸ்.ஐ. காற்றை ரிம் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். டயர் மாற்றியதால் ஆக்சில் தாங்கும் எடை கூடிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கூரையைப் பொறுத்தவரை, ரப்பரிலிருந்து டி.பி.ஓ.வுக்கோ பி.வி.சி.க்கோ (இரண்டும் பிளாஸ்டிக் வகைத் தாள்கள்) மாறியிருந்தால், இடைவெளியை அடைக்கும் சீலன்டும் மாறும். எந்தச் சீலன்ட் பொருந்தும் என்று கையேட்டில் பார்த்து அதையே வாங்குங்கள். சிலிக்கோனை எடுக்கவே வேண்டாம்; ஒருமுறை பூசினால் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. 90 நாளுக்கு ஒருமுறை ஏறிப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். வாரன்டி கேட்கும்போது பராமரித்ததற்கு ஆதாரம் அதுதான்.

சுவர் உப்புவது பொதுவாகப் பாதுகாப்புக் குறையாகக் கருதப்படுவதில்லை. அதனால் என்.எச்.டி.எஸ்.ஏ. (அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் வி.ஐ.என். போட்டுப் பார்த்து ரீகால் இல்லை என்று வந்தாலும் சுவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆக்சில், பிரேக், கேஸ் பைப்புக்காக அதைப் பாருங்கள். சுவருக்கும் தரைக்கும் வாரன்டி தாள்தான் துணை. பல நிறுவனங்கள் ஒரு வருடம்தான் தருகின்றன, சில கட்டுமானத்துக்குத் தனியாகக் கூடுதல் வருடங்கள் தருகின்றன. லேமினேஷன் அந்தக் கூடுதல் காலத்தில் அடங்குமா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.