ஒரு எண்கூடக் கொடுக்காத சுடோகுவைத் தீர்க்க முடியுமா? நீங்கள் தீர்த்ததுண்டா?

முடியும். தீர்த்திருக்கிறேன். முதல் தடவை ஓர் இரவு முழுக்கப் பாழானது. அதற்குப் புதிர் காரணமில்லை, நான்தான் காரணம்.

எனக்கு வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், வேலை பாலத்துக்கு அப்பால் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில். பெரும்பாலும் இரவு ஷிப்ட். இருபது வருடமாகச் சுடோகு போடுகிறேன். நாளிதழில் வருவதையும் கடையில் விற்கும் மலிவுப் புத்தகத்தில் வருவதையும் தே தாரிக் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அது தெரிந்துதானோ என்னவோ, கோலாலம்பூரில் படிக்கும் என் அக்காள் மகள் ஒரு நாள் வாட்ஸாப்பில் ஒரு படத்தை அனுப்பினாள்.

"மாமா, இதப் போடுங்க பாப்போம். நம்பரே இல்ல."

ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், உள்ளே எல்லாம் காலி. நடுப்பெட்டியின் ஓரமாக ஒரு பச்சைக் கோடு சுற்றி வந்தது. அதன் ஒரு முனையில் குமிழ் வைத்த ஒரு தெர்மாமீட்டர், இடது மேல் மூலை வரை சாய்வாக ஏறி, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம் திரும்பி நின்றது. மற்ற இடங்களில் வேறு சில பச்சைக் கோடுகள், புள்ளிக்கோடு போட்ட சில கூண்டுகள். கூண்டின் மூலையில் மட்டும் பொடியாக ஒரு கூட்டுத்தொகை. விதிகள் இவ்வளவுதான்: வழக்கமான சுடோகு விதி பொருந்தும், அதாவது ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு முறைதான் வரும். பச்சைக் கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களுக்கு வித்தியாசம் குறைந்தது 5 இருக்க வேண்டும். தெர்மாமீட்டரில் குமிழிலிருந்து நுனி வரை எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். கூண்டுக்குள் இருக்கும் எண்களைக் கூட்டினால் மூலையில் உள்ள தொகை வர வேண்டும். அந்தப் பச்சைக் கோட்டுக்கு இந்தப் புதிர் உலகத்தில் 'ஜெர்மன் விஸ்பர்ஸ்' என்று பெயர்.

கைப்பேசித் திரை சின்னது, என் கண்ணாடியும் பழசு. அதனால் ஒரு பெரிய தாளில் பேனாவால் பெயர்த்து வரைந்துகொண்டு வேலைக்குப் போனேன். (அது என்ன தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

முதல் ஓய்வில் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தெந்த எண் வரலாம் என்று சின்னச் சின்னதாக எழுத ஆரம்பித்தேன். எல்லாக் கட்டத்திலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரலாம்! நாளிதழ் சுடோகுவில் நாம் செய்வது ஆள் தேடும் வேலை. இங்கே ஏழு இருக்கிறது, அங்கே ஏழு இருக்கிறது, ஆகவே மூன்றாவது ஏழு இங்கே. எண்ணே இல்லாத கட்டத்தில் அந்த வித்தை ஒன்றுக்கும் உதவவில்லை.

இரண்டாவது ஓய்வில்தான் பச்சைக் கோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். வித்தியாசம் குறைந்தது 5 என்றால், 5-க்குப் பக்கத்தில் 0 வர வேண்டும், இல்லாவிட்டால் 10 வர வேண்டும். இரண்டும் சுடோகுவில் கிடையாது. ஆக, பச்சைக் கோட்டில் 5 வரவே வராது. மிச்சமுள்ளவற்றில் 1 முதல் 4 வரை சின்னவை, 6 முதல் 9 வரை பெரியவை. சின்னதுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னது நிற்க முடியாது, பெரியதும் அப்படியே. எனவே கோடு நெடுகச் சின்னது, பெரியது, சின்னது, பெரியது என்று மாறி மாறித்தான் வரும். மறுநாள் மகனின் வண்ணப் பென்சில்களைக் கேட்டு வாங்கி இதற்கு நீலமும் சிவப்பும் பூசினேன். அன்று இரவு கையில் இருந்தது ஒரு பேனாதான்.

நடுப்பெட்டியில் கோடு எட்டுக் கட்டங்களில் ஓடுகிறது, ஒன்பதாவதான நடுக்கட்டம் தனியாக நிற்கிறது. 5 அங்கேதான் இருக்க முடியும். எண்ணே தராத புதிரில் என் முதல் எண்! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்து 4. அதற்கு அடுத்து 9 மட்டும்தான் வரலாம். ஆனால் வளையமாகச் சுற்றும் கோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பக்கமும் அண்டை உண்டு. அப்படியானால் 4-க்கு இரு பக்கமும் 9 வேண்டும், ஒரே பெட்டியில் இரண்டு 9. நடக்காத காரியம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். புதிரில்தான் தப்பு என்று முடிவு கட்டி, விடிகாலை மூன்றரை மணிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்: "யாருமா இத செஞ்சது? கணக்கே தப்பு."

மாணவர்கள் தூங்குவதில்லை போலிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"மாமா, கோடு முழுசா சுத்தி முட்டுதா? நல்லா பாருங்க."

முட்டவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு பெட்டியின் இடது மேல் கட்டத்தில் தொடங்கி, வலப்பக்கம் போய், இறங்கி, திரும்பி வந்து, தொடங்கிய கட்டத்துக்கு ஒரு கட்டம் கீழே நின்றுவிடுகிறது. அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே கோடு இல்லை. நான்தான் பேனாவை எடுக்காமல் இழுத்து வளையமாக்கியிருந்தேன். மன்னிப்புக் கேட்கும் குரல் செய்தி சற்றுச் சுருக்கமாகவே இருந்தது.

வளையத்தை முறித்ததும் நடந்ததுதான் இந்தப் பதிலை எழுத வைத்தது. ஒரு தாளை எடுத்து நீங்களும் செய்து பாருங்கள்.

4-க்கு ஒரே ஓர் அண்டைதான் சாத்தியம், அது 9. ஆகவே 4 கோட்டின் முனையில்தான் இருக்க வேண்டும். அதேபோல் 6-க்கு அண்டை 1 மட்டும்தான், அதுவும் முனையில். இரண்டு முனையும் முடிந்தது. ஒரு பக்கம் 4, 9 என்று தொடங்குகிறது, மறுபக்கம் 1, 6 என்று முடிகிறது. நடுவில் நிற்க வேண்டியவை 2, 3, 7, 8. இதில் 3-க்கு அண்டையாக 8, 9 மட்டும்தான் வரலாம். முனைகள் போய்விட்டதால் 3-க்கு இரண்டு அண்டை உண்டு, எனவே அவை 9-உம் 8-உம்தான். ஆக 4, 9, 3, 8. மிச்சம் 2-உம் 7-உம். 8-க்குப் பிறகு சின்னதுதான் வர வேண்டும், எனவே 2. பிறகு 7, பிறகு 1, 6.

4, 9, 3, 8, 2, 7, 1, 6.

வேறு வழியே இல்லை. ஓர் எண்கூடத் தராமல், ஒரே ஒரு கோடு எட்டுக் கட்டங்களின் வரிசையைச் சொல்லிவிட்டது. ஆனால் எந்த முனையிலிருந்து படிப்பது? 4 தொடங்கும் முனையிலா, முடியும் முனையிலா? கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது. மேலே உள்ள வரிசையில் ஒவ்வோர் எண்ணையும் 10-லிருந்து கழித்துப் பாருங்கள்: 6, 1, 7, 2, 8, 3, 9, 4. அதே வரிசை, தலைகீழாக. வித்தியாசத்தை மட்டும் பேசும் விதிக்கு எது பெரியது, எது சின்னது என்பது தெரியாது.

நம் கல்யாண வீடுகளில் இப்படித்தான் நடக்கும். மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெரியவர் பெயரைக் கேட்க மாட்டார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா? யாரு வழி?" என்பார். அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எந்த அத்தை என்று போய், பத்து நிமிடத்தில் அவர் எனக்குச் சித்தப்பா முறை என்று தெரிந்துவிடும். பெயர் சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. எண் இல்லாத சுடோகுவில் முறைதான் முதலில் கிடைக்கும். எந்தக் கட்டம் எதற்கு எதிர்க்கட்சி, எது எதைவிடப் பெரியது, எந்த மூன்றும் ஒரு கூட்டம் என்று. பெயரை உடனே கேட்டு அடம்பிடித்ததுதான் நான் செய்த பிழை.

சரி, திசைக்கு வருவோம். குமிழ் இருப்பது கோட்டின் முதல் கட்டத்தில். அங்கே 4 அல்லது 6. தெர்மாமீட்டருக்குக் குமிழையும் சேர்த்து ஐந்து கட்டங்கள். 6 என்றால் 6, 7, 8, 9, அப்புறம் 10 வேண்டும். கிடையாது. ஆகவே 4. அந்த ஒரு நொடியில் பெட்டி முழுவதும் விழுந்தது:

4 9 3
6 5 8
1 7 2

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் இது நடந்தது. பினாங்குப் பாலத்தில் காலை ஏழரைக்குத் தீவை நோக்கி வரும் பக்கம் வண்டிகள் நகராமல் நிற்கும், எங்கள் பக்கம் காலியாக இருக்கும். 13.5 கிலோமீட்டர் பாலம் அன்றைக்கு எனக்குப் போதவில்லை.

பிறகு நடு வரிசை. அதன் இடது மூன்று கட்டங்களும் ஒரே கூண்டு, தொகை 8. மூன்று வேறுவேறு எண்களைக் கூட்டி 8 வர 1, 2, 5 அல்லது 1, 3, 4. வரிசையில் 5 ஏற்கெனவே நடுவில் இருக்கிறது, எனவே 1, 3, 4. அப்படியானால் அந்த வரிசையின் வலது மூன்றில் 2, 7, 9. இடது பெட்டியில் 2-உம் 7-உம் மேல் வரிசைக்கும், 9 கீழ் வரிசைக்கும் போயாக வேண்டும். இங்கிருந்து மெல்ல மெல்ல நமக்குப் பழகிய சுடோகுவாகிவிடுகிறது. மீதியை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடித்தேன். அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை, பொறுமைதான்.

உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்: எண்ணே இல்லாமல் எப்படி ஒரே ஒரு விடை வரும்? சாதாரண சுடோகுவில் வராது. அங்கே எண்கள் வெறும் அடையாளம். 1 இருக்கும் இடமெல்லாம் 2-உம் 2 இருக்கும் இடமெல்லாம் 1-உம் மாற்றி எழுதினாலும் விதி கெடாது. ஒரு விடை இருந்தால் அதே அச்சில் பெயர் மாற்றிய 362,880 விடைகள் இருக்கும். அதனால்தான் ஒன்பது எண்களில் குறைந்தது எட்டு வகையாவது கொடுத்தாக வேண்டும். இடங்கள் என்று எண்ணினால் குறைந்தது 17. 16 போதாது என்பதை 2012-ல் டப்ளினில் கேரி மெக்குவையரின் குழு கணினியில் எல்லாவற்றையும் அலசி நிறுவியது. எண்ணில்லாப் புதிர் இந்தக் கணக்கிலிருந்து தப்பிப்பது எப்படியென்றால், அதன் கோடும் கூண்டும் எண்ணின் மதிப்பைப் பற்றிப் பேசுகின்றன. 3 என்பது 8-ஐவிடச் சின்னது என்பது அங்கே ஒரு தகவல்.

2020 மே மாதம், நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, இரண்டே எண்கள் கொடுத்த ஒரு சுடோகு காணொளி உலகம் சுற்றியது. மிட்செல் லீ செய்த புதிர், 'மிராக்கிள் சுடோகு' என்றார்கள். சதுரங்கத்தின் ராஜா, குதிரை தாவும் தூரத்தில் ஒரே எண் வரக்கூடாது, ஒட்டி நிற்கும் கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரக்கூடாது என்பவை அதன் கூடுதல் விதிகள். அதில் அந்த இரண்டு எண்களையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே விடை வராது. எல்லா எண்களையும் 10-லிருந்து கழித்தாலும் அந்த விதிகள் ஒன்றும் கெடாது. என் பச்சைக் கோட்டின் கதைதான்.

அதனால் இப்போது எண்ணில்லாப் புதிர் ஒன்றைத் திறந்தால் நான் முதலில் தேடுவது, இதில் பெரியது சின்னது தெரிந்த குறிப்பு எது என்பதைத்தான். தெர்மாமீட்டருக்குத் தெரியும். இரண்டு கட்டங்களில் ஒன்று மற்றதன் இரு மடங்கு என்று சொல்லும் கறுப்புப் புள்ளிக்குத் தெரியும். அடுத்தடுத்த எண்கள் என்று மட்டும் சொல்லும் வெள்ளைப் புள்ளிக்குத் தெரியாது. கூண்டுக்குத் தெரியும், ஆனால் இரண்டு கட்டத்தில் 10, மூன்று கட்டத்தில் 15 என்றால் அதுவும் ஊமை. கழித்துத் திருப்பிப் போட்டாலும் அதே தொகைதான் வரும். ஒரே விடைதான் உண்டு என்று நம்பி இப்படித் தேடுவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எங்கே பார்ப்பது என்று முடிவு செய்ய அது நியாயம்தான். கட்டத்தில் எண்ணை எழுதும்போது மட்டும் முறையான காரணம் இருக்க வேண்டும். ஊகத்தில் எழுதினால் எங்கே தவறினோம் என்பதே தெரியாது, நாற்பது கட்டம் தாண்டித்தான் இடிக்கும்.

அந்தத் தாள் விஷயம். செவ்வாய்க்கிழமை என் மனைவி சுவர் நாள்காட்டி முன்னால் நின்று, "என்னங்க, அடுத்த மாசத்தக் காணோம்?" என்றாள். கேபினட்டின் மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் நல்ல நேரம், ராகு காலம், அமாவாசை எல்லாம் சரியாக இருந்தன. திருப்பிப் பார்த்தாள். நீலமும் சிவப்புமாக 81 கட்டங்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல எந்தக் கட்டத்துல சஷ்டி?" என்று கேட்டாள்.