கனமான சன்னமா, வேகமான சன்னமா?

நியூசிலாந்தில் ஒரு பண்ணையில் வேலை பார்த்தபோது மான் வேட்டை பழகியவன் நான். இப்போது பண்டாரவளையில். துவக்கிலிருந்து பாயும் சன்னத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஹற்றன் தம்பி: கனடாவில் அண்ணா தேர்ட்டி-ஓட்-சிக்ஸ் ரைபிள் வாங்கியிருக்கிறார். 150 கிரெய்ன் சன்னமா, 180ஆ?

கிரெய்ன் என்பது சன்னத்தின் எடையைச் சொல்லும் அளவு, ஒரு இறாத்தலுக்கு 7000 கிரெய்ன். 150 என்றால் 9.7 கிராம், குழலை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 885 மீட்டரில் புறப்படும். 180 என்றால் 11.7 கிராம், 820 மீட்டர். ஆற்றல் 3800 ஜூல், 3900 ஜூல். இதற்கா சண்டை? ஆனால் தூரம் போகப்போக வேகம் காற்றில் கரையும், எடை கரையாது. மானுக்கு 150 தாராளம். மூஸ் என்ற பெரிய மான் இனம் என்றால் 180தான். தோள் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும்.

அதே தம்பி: வேகம் கூடினால் எலும்பையும் உடைத்துக்கொண்டு போகும்தானே?

எப்போதும் இல்லை. சன்னத்தின் ஈயத்தை மூடியிருக்கும் செப்பு உறை மெல்லியதாக இருந்தால், அதிவேகச் சன்னம் எலும்பில் பட்டதும் சிதறிவிடும், உள்ளே இறங்காது. எண்பது மீட்டரில் ஒரு மானை அப்படிச் சுட்டேன். தோள் இறைச்சி முழுக்க இரத்தக் கூழ், நாய்க்குத்தான் போட்டோம். வேகம் மிகக் குறைந்தாலோ, பட்டதும் விரிய வேண்டிய முனை விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போகும். அதனால் எடையைக் கேட்பதற்கு முன் சன்னம் எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்கச் சொல்லுங்கள்.

வெலிமடை அண்ணன்: உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பன்றித் தொல்லை. லைசன்ஸ் உள்ள 12 போர் துவக்கு இருக்கிறது.

அண்ணே, அது ரைபிள் இல்லை, உள்ளே வழவழப்பான குழல். எஸ்.ஜி. என்ற பெரிய ஈயக் குண்டுகள் உருண்டை, காற்று சீக்கிரம் பிடித்துவிடும், பரவவும் செய்யும். முப்பது மீட்டருக்குள் வரட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். காயப்பட்ட பன்றி பக்கத்துத் தேயிலைக்குள் படுத்திருக்கும். காலையில் அங்கே கொழுந்து பறிக்க வருவது நம் பெண்கள். கம்பியில் தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு வேண்டவே வேண்டாம், அதற்குப் பன்றியும் மனுசனும் ஒன்றுதான்.

நானுஓயா: மரைக்கு எது நல்லது?

மரையைச் சுடுவது சட்டப்படி குற்றம். அடுத்த கேள்வி.

அப்புத்தளை டீச்சர்: அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் துவக்குகள் ஏன் அவ்வளவு பெரியவை?

புகை கக்கும் பழைய கரிமருந்து காலம், டீச்சர். அதை எவ்வளவு கூட்டினாலும் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. பலம் வேண்டுமானால் குண்டைப் பெரிதாக்க வேண்டியதுதான். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரிடம் 21 இறாத்தல் ரைபிள் ஒன்று இருந்தது. 1884இல் பிரான்சில் புகையில்லாத மருந்து வந்த பிறகுதான் சின்னச் சன்னத்துக்கு மதிப்பு. இன்னொன்று: ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845இல் உங்கள் அப்புத்தளையில்தான் மின்னல் தாக்கிச் செத்தார்.

பதுளை: மேட்டில் நின்று பள்ளத்தில் சுட்டால் எந்தச் சன்னம் கூடுதலாகத் தாழும்?

எந்தச் சன்னமானாலும், சரிவில் நீங்கள் நினைப்பதை விடக் குறைவாகத்தான் தாழும். புவியீர்ப்புக்குக் கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 30 பாகைச் சரிவில் 200 மீட்டர் என்றால் 173 மீட்டருக்குக் குறி வைப்பது போல வையுங்கள். மேலே பார்த்துச் சுட்டாலும் இதே கணக்குத்தான். புதிதாக வருபவர்கள் மிருகத்தின் முதுகுக்கு மேலாக விடுவது பெரும்பாலும் இதனால்தான்.